இரண்டு சாட்சி

விமானச் சத்தம் கேட்டால் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மொட்டைமாடியின் முதல் விதி அது. கேள்வி பாதியில் நின்றாலும் சரி, வாயில் பஜ்ஜி இருந்தாலும் சரி. மேலே போவது என்ன விமானம் என்று துண்டுச்சீட்டில் எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு எழுதியதில் என் விடை பலமுறை சீட்டைத் தாண்டிப் பக்கத்தில் இருந்தவரின் வேட்டியில் ஏறியிருக்கிறது.

மொட்டைமாடி இருந்தது சேலையூரில். தாம்பரம் விமானப்படைத் தளம் கூப்பிடு தூரம். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பள்ளி 1954 முதல் அங்கேதான் இருக்கிறது. அதனால் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ஆகாயத்துச் சத்தங்கள் பால்காரன் மணி மாதிரி பழக்கம். கிரண் என்றால் நீளமான சீட்டி. சேட்டக் ஹெலிகாப்டர் என்றால் நெஞ்சுக்கூட்டில் உலக்கை. நான் அரை டிராயர் போட்ட காலத்தில் எச்.டி. 2 ஒன்று தையல் மிஷின் மாதிரி கடகடத்துக்கொண்டு தென்னை மரங்களுக்கு மேலே போகும். பேங்க் சார் மேற்கு மாம்பலத்துக்காரர். கிரணும் மீனம்பாக்கத்தில் இறங்கும் போயிங்கும் அவர் காதுக்கு ஒன்றுதான். இந்தச் சுற்றில் மட்டும் அவரை நான் சுலபமாக ஜெயித்துவிடுவேன். மற்ற சுற்றுகளில் அவர் என்னைப் பிழிந்து கொடியில் காயப்போடுவார்.

அவரைப் பிடித்ததே ஒரு சண்டையில்தான். மூர் மார்க்கெட் எரிந்த மறு வருஷம், 1986. கடைகள் பக்கத்துக்கு மாறியிருந்தன. பழைய புத்தகக் குவியலில் அட்டை கிழிந்த விமானப் பத்திரிகை ஒன்றின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறு முனையை டெரிகாட்டன் சட்டை போட்ட ஒருவர் பிடித்திருந்தார். எனக்கு வயது 19. "அட்டையில இருக்கறது என்ன விமானம்னு சொல்லு, விட்டுடறேன்" என்றார். ஹண்டர் என்றேன். "எந்த மார்க்?" என்றார். முழித்தேன். பத்திரிகையை அவரே வாங்கிக்கொண்டு, டீயும் வாங்கிக்கொடுத்து, சனிக்கிழமை சாயங்காலம் சேலையூருக்கு வரச்சொன்னார். நான் குடியிருக்கும் ஊருக்கே எனக்கு வழி சொன்ன மனிதர்.

அங்கே நாலு பேர் இருந்தார்கள். மாடியும் வீடும் போஸ்ட்மாஸ்டர் சாருடையவை. ஓய்வு பெற்ற சப் போஸ்ட்மாஸ்டர், எங்கள் நடுவர். பேங்க் சார். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் மர அச்சு செய்யும் பிரிவில் வேலை பார்த்த ஒருவர். மரத்தில் விமானங்கள் செதுக்குவதால் மாடல் அண்ணன். அப்புறம் வாரண்ட் சார், விமானப்படையில் வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தாவதாக நான், "தம்பி". கடைசிவரை தம்பிதான். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும்.

விளையாட்டுக்குப் பெயர் மடக்கு. வினாடி வினா என்று சொன்னால் போஸ்ட்மாஸ்டர் சாருக்குக் கோபம் வரும். "அது ரேடியோவுல வர்றது. இது ஒருத்தனை ஒருத்தன் மடக்கறது." போர் விமானங்களைப் பற்றி மட்டும் ஆளுக்கு மூன்று கேள்வி. தோற்றவர் டீயும் பஜ்ஜியும். எல்லாம் ஒரு நீள நோட்டில் பதிவாகும்: தேதி, கேள்வி, கேட்டவர், விடை, ஆதாரம். அந்தக் கடைசிக் கட்டம்தான் எங்களை ஆட்டிவைத்தது. விடை சொன்னால் போதாது, அது இரண்டு புத்தகத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது முதலாவதைப் பார்த்து எழுதியதாக இருக்கக் கூடாது. "மணியார்டருக்குக் கைநாட்டு வெக்கிறவனுக்கே சாட்சிக் கையெழுத்து வாங்கியிருக்கேன். ஒருத்தன் இன்னொருத்தனை ஆகாசத்துல சுட்டான்னு சொல்றீங்க. அதுக்கு வேண்டாமா?"

முதல் மாதமே எனக்கு ஒரு அடி விழுந்தது. மாடல் அண்ணனின் கேள்வி: "இங்கிலாந்துக்காக 1940ல ஜெர்மன்காரனோட சண்டை போட்ட ஸ்குவாட்ரன்ல, நம்ம சென்னை மாகாணத்துப் பேரை வெச்சிக்கிட்டது எது?" எனக்குத் தெரியும்! 264 என்று கத்தினேன். பேங்க் சார் நிதானமாக 79 என்றார். போஸ்ட்மாஸ்டர் சார் நடுவர் என்பதை மறந்து, "இல்லையே, 234 இல்ல?" என்றார். மாடல் அண்ணன் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் அடித்துக்கொள்ள விட்டார். கடைசியில் சொன்னார், மூன்றும்தான். மாகாணத்து ஜனங்கள் போர் நிதிக்குக் கொடுத்த பணத்துக்கு நன்றியாக மூன்று சண்டை விமான ஸ்குவாட்ரன்கள் அந்தப் பெயரைச் சுமந்தன. 1940இல் 79 பறந்தது ஹரிக்கேனில், 234 ஸ்பிட்ஃபயரில், 264 டிஃபயன்டில். எங்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண். நோட்டில் பின்னம் ஏறியது அன்றைக்கு மட்டும்தான்.

டிஃபயன்டைப் பற்றி எனக்கு அப்போது பெரிய மோகம். விமானிக்குச் சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. அவன் முதுகுக்குப் பின்னால் சுழலும் கூண்டில் ஒருவன் உட்கார்ந்து நாலு துப்பாக்கியால் சுடுவான். தூரத்திலிருந்து பார்த்தால் ஹரிக்கேன் ஜாடை. அப்படி நினைத்துப் பின்பக்கமாக வந்த ஜெர்மன் விமானிகள் அந்த நாலு துப்பாக்கிக்கு நேராக வந்து நின்றார்கள். 1940 மே 29, டன்கர்க் கடற்கரைக்கு மேல், சென்னைப் பெயர் பின்னாளில் சூடிய அந்த 264 ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தது. அடுத்த மாதம் இந்த 37ஐ நானே கேள்வியாக்கினேன். இரண்டு புத்தகத்தோடு போனேன். பேங்க் சார் மூன்றாவது ஒன்றை எடுத்துவந்தார். போருக்குப் பிறகு ஜெர்மன் பதிவேடுகளைப் புரட்டியவர்கள் கணக்குப்படி அந்த 37இல் பாதிகூடத் தேறவில்லை. பொய் சொன்னார்களா? இல்லை. புகைந்துகொண்டு விழும் ஒரே விமானத்தை ஏழு கூண்டுக்காரர்கள் பார்த்தால் ஏழு பேரும் நான்தான் என்பார்கள். ஜெர்மன்காரர்களுக்கு ஜாடை புரிந்துபோனதும் எதிரிலும் அடியிலும் வந்து சுட்டார்கள். அந்தக் கோடை முடியும் முன்பே டிஃபயன்ட் ராத்திரி வேலைக்கு மாற்றப்பட்டுவிட்டது.

"அப்ப விடை என்ன சார், 37ஆ, இல்லையா?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

போஸ்ட்மாஸ்டர் சார் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். "கேள்வியைத் திருத்து. எத்தனை வீழ்த்தினாங்கன்னு கேக்காதே. எத்தனை வீழ்த்தினதா சொன்னாங்கன்னு கேளு."

என் கேள்விகளில் பாதி அந்த வாக்கியத்தில் அடிபட்டுப்போயின. பிறகு நான் வேலைக்குப் போய், அறிக்கைகள் எழுதிப் பிழைத்தபோது, மேலதிகாரிகள் என்னை ஒரு இழுவை ஆசாமி என்று திட்டியதற்கும் அந்த வாக்கியம்தான் காரணம்.

அந்தச் சென்னைப் பெயர்க் கேள்வியை வீட்டில் பாட்டியிடம் சொன்னேன். சென்னைப் பேரில் மூணு விமானப்படை இருந்ததா என்று அவள் ஆச்சரியப்படவே இல்லை. "இருந்து? ஜப்பான்காரன் வரான்னு நாங்க பண்ட பாத்திரத்தைத் தூக்கிண்டு காஞ்சிபுரத்துக்கு ஓடினபோது ஒண்ணையும் காணலையே" என்றாள். 1942 ஏப்ரலில் நகரம் பாதி காலியானது. அரசாங்கமே அலுவலகங்களை உள்நாட்டுக்கு நகர்த்தியது. மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சிசாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று புலி சிங்கங்களைச் சுட்டுக் கொன்றார்கள். நான் பத்திரிகைக்குச் சண்டை போட்ட இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில். அந்த மாதம் 5ஆம் தேதி கொழும்பிலும் 9ஆம் தேதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் இடையில் 6ஆம் தேதி. சென்னைப் பெயர் தாங்கியவை அப்போது இங்கே இல்லை. 79 மட்டும் அந்த வருஷம் பிற்பாடு கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. பாட்டி சொன்னதை மாடியில் சொன்னபோது வாரண்ட் சார் தொடையில் தட்டிச் சிரித்தார். பாட்டிக்கு ஒரு மார்க் போடச் சொன்னார். இரண்டாம் சாட்சி இல்லாததால் போடவில்லை.

கொழும்பிலிருந்து எனக்கு ஒரு நல்ல கேள்வி கிடைத்தது. குதிரைப் பந்தயத் திடலில் ஓடுதளம் போட்டுப் போர் விமானங்களை நிறுத்திய நகரம் எது? அந்த ஈஸ்டர் ஞாயிறு காலையில் 258ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள் எழும்பியது அங்கிருந்துதான். பேங்க் சார் கல்கத்தா என்றார். அவரை முதல்முறை மடக்கியது அதில்தான், பஜ்ஜிக்குத் தனி ருசி.

மாடல் அண்ணனின் கேள்விகள் எப்போதும் வர்ணத்தில் வரும். பர்மாப் போரில் நம் பக்கத்து விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவிலிருந்த சிவப்பு ஏன் காணாமல் போனது? ஜப்பான்காரனின் சின்னமே சிவப்பு வட்டம். அவசரத்தில் சொந்த ஆளே சுட்டுவிடுவான். இதை அவர் கேட்டது தன் ஹரிக்கேன் பொம்மையில் தெரியாமல் சிவப்பு அடித்துவிட்டு, சுரண்டி எடுத்த வாரத்தில்.

போஸ்ட்மாஸ்டர் சார் நடுவராக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு கேள்வி அவருக்கு உரிமை உண்டு. அவர் கேட்டது லிபரேட்டர். உலகத்தில் கடைசிவரை அந்த நாலு இன்ஜின் குண்டுவீச்சு விமானத்தைப் பறக்கவிட்ட விமானப்படை எது? அமெரிக்கா என்றேன், தயாரித்தவன் அவன்தானே. இல்லை, நாம்தான், 1968 வரை. எப்படி வந்தது என்பதுதான் கதை. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் தங்களிடம் இருந்த லிபரேட்டர்களைக் கான்பூரில் குவித்து, யாருக்கும் உபயோகப்படக் கூடாதென்று உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். குத்தகை விமானங்கள், இன்னொருவன் கைக்குப் போகக் கூடாது என்பது அமெரிக்காவோடு ஒப்பந்தம். சுதந்திரம் வந்த மறு வருஷம் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் ஆட்கள் அந்தச் சுடுகாட்டுக்குப் போய், இந்த விமானத்தின் இறக்கையை அந்த விமானத்துக்கு மாட்டி, ஓடுமளவுக்கு ஒட்டுப்போட்டார்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிவந்தவர் ஜாம்ஷெட் முன்ஷி என்ற விமானி. சுமார் 42 விமானங்கள் இப்படி உயிர் பெற்றன. இன்றைக்கு லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகம் வைத்திருக்கும் லிபரேட்டர், நம் விமானப்படை பரிசாகக் கொடுத்தது. உடைத்துப்போட்டவனுக்கே ஒட்டிக் கொடுத்தோம். இதைச் சொல்லும்போது அந்த அமைதியான மனிதர் எழுந்து நின்றுவிட்டார். கிழிந்த தபால்பையைத் தைத்துத் தைத்து முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவருக்கு அது எத்தனை நெருக்கமான கதை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நோட்டில் சிவப்பு மை ஒரே இடத்தில்தான் உண்டு.

1987இல் பேங்க் சார் கேட்டது: ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் போகும் ஸ்டார்ஃபைட்டரை, நேராகப் பறந்தால் ஒலிவேகத்தையே தொட முடியாத மிஸ்டேர் வீழ்த்தியது உண்டா? ஜெட்டை மாட்டுவண்டி முந்தியதா என்கிற மாதிரிக் கேள்வி. இல்லை என்றோம் எல்லோரும். உண்டு என்றார். ஜான் ஃப்ரிக்கர் என்ற ஆங்கிலேயர் பாகிஸ்தான் விமானப்படைக்காரர்களோடு பேசி 1965 போரைப் பற்றி எழுதிய புத்தகம் 1979இல் வெளிவந்திருந்தது. வெளிநாட்டு உறவினர் மூலம் பேங்க் சாரிடம் ஒரு பிரதி இருந்தது. 1965 செப்டம்பர் 7 காலை, சர்கோதா தளத்தைத் தாக்க வந்த இந்திய மிஸ்டேர்களில் ஒன்றோடு நடந்த சண்டையில் ஒரு ஸ்டார்ஃபைட்டர் விழுந்தது, அதன் விமானி அம்ஜத் ஹுசேன் குதித்துப் பிழைத்தார் என்று அதில் இருந்தது. மிஸ்டேரை ஓட்டியவர் யார்? அன்றைக்கு ஆதம்பூரிலிருந்து போன 1ஆம் ஸ்குவாட்ரன் மிஸ்டேர்களில் திரும்பாதது ஒன்றே ஒன்று. ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா, குடகு நாட்டுக்காரர். அவர் போக வேண்டியவர்கள் பட்டியலிலேயே கிடையாது. மாற்று ஆளாகத் தயாராக இருந்தவர், ஒருவர் போக முடியாமல் போனதால் சேர்ந்துகொண்டவர். என்ன ஆனார் என்று நம் பக்கம் யாரும் பார்க்கவில்லை. காணவில்லை என்பதோடு 22 வருஷம் முடிந்திருந்தது.

போஸ்ட்மாஸ்டர் சார் மதிப்பெண் தரவில்லை. "ஒரு புத்தகம்தான். அதுவும் பேரு போடல. நீங்க கூட்டிக் கழிச்சுச் சொல்றீங்க." பேங்க் சார் அன்றைக்கு டீ குடிக்காமல் போனார்.

மறு வருஷம், 1988இல், அரசாங்கம் தேவய்யாவுக்கு மகாவீர் சக்கர விருதை அறிவித்தது. செத்து 23 வருஷத்துக்குப் பிறகு. அடிபட்ட பிறகும் திரும்பி வந்து, தன்னைவிட வேகமான விமானத்தோடு தனியாக மோதி வீழ்த்தினார் என்பது இப்போது அரசாங்கத்தின் வாய்மொழி. அந்தச் சனிக்கிழமை போஸ்ட்மாஸ்டர் சார் பழைய பக்கத்தைத் தேடி எடுத்து, "ஆதாரம் 2" என்று சிவப்பில் எழுதி, பேங்க் சார் கணக்கில் ஒரு மதிப்பெண் ஏற்றினார். பேங்க் சாருக்கு அதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. "எதிரி ஒழுங்கா எழுதி வெச்சதால தெரிஞ்சுது" என்று மட்டும் சொன்னார்.

மாருத் விஷயம் வேறு ரகம். ஜெர்மனியில் ஃபோக்கவுல்ஃப் 190 செய்த கூர்ட் டாங்க் பெங்களூருக்கு வந்து நமக்கு வடிவமைத்துத் தந்த ஜெட் போர் விமானம். 1961 ஜூன் 17 அன்று முதலில் அதை ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். அந்நாளில் கடையில் அதற்குப் பொம்மைப் பெட்டி எங்களுக்குக் கிடைக்கவில்லை, ஆகவே மாடல் அண்ணன் கட்டையில் செதுக்க உட்கார்ந்தார். அதற்கு இடுப்பு உண்டா என்று தகராறு. ஒலிவேகத்தை நெருங்கும்போது காற்று தடுக்காமல் இருக்க, இறக்கை சேரும் இடத்தில் உடலை ஒடுக்குவார்கள். மாருத்துக்கு அந்த ஒடுக்கம் உண்டு என்றார் அண்ணன். படத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்றார் பேங்க் சார். பந்தயம்: தோற்றவர் ரயில் செலவு. பெங்களூர் மெயில் பிடித்து மூவரும் போனோம். கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்து வெளியில் அது நின்றுகொண்டிருந்தது. அண்ணன் மடியிலிருந்து கைத்தறி நூலுண்டை ஒன்றை எடுத்து விமானத்தின் வயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார். காவலாளி கன்னடத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்தார். "சொக்காய்க்கு அளவு எடுக்கறாரு" என்று பேங்க் சார் தமிழில் சமாதானம் சொன்னார். நூலே தேவைப்படவில்லை, பக்கவாட்டில் நின்று பார்த்தாலே பெண்பிள்ளை மாதிரி இடுப்பு. பேங்க் சார் மூவருக்கும் டிக்கெட்டும், மசால் தோசையும். வடிவம் அத்தனை அழகு, இன்ஜின்தான் வாய்க்கவில்லை. நாட் விமானத்தில் ஒன்று மாட்டும் ஆர்ஃபியஸ் வகை இன்ஜினை இதில் இரண்டு மாட்டினார்கள். நினைத்த வேகம் வரவே இல்லை. ஊர் திரும்பி இதைச் சொன்னபோது வாரண்ட் சார் கேட்டார்: "கொசு இன்ஜினை ரெண்டு வெச்சா கருடன் ஆயிடுமா?"

கொசு என்றால் அவருக்கு நாட். ஆங்கிலத்திலும் அந்தப் பெயருக்குக் கொசு மாதிரி ஒரு பூச்சி என்றுதான் பொருள். குட்டி விமானம். 1965இல் அது பாகிஸ்தானின் சேபர் ஜெட்டுகளை விரட்டியதால் சேபர் கொல்லி என்று பட்டம். வாரண்ட் சாருடையது நாட்டுப்பற்று அல்ல, நாட்-பற்று என்று பேங்க் சார் கேலி செய்வார். அதில் ஆயுதப் பிரிவு ஃபிட்டராக இருந்தவர். ஆனால் மடக்கில் எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் மதிப்பெண் குறைவு. எங்களுக்குப் புத்தகம் இருந்தது, அவருக்கு இருந்தது ஞாபகம். ஞாபகத்துக்குப் பக்க எண் கிடையாது.

ஒருமுறை நான் ரொம்பச் சுலபமாக ஒன்று கேட்டேன், அவரும் ஜெயிக்கட்டுமே என்று. "நாட் விமானத்தில் எத்தனை பீரங்கி சார்?"

"புத்தகத்துல ரெண்டு. ஆகாசத்துல ஒண்ணு."

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கி, காற்று உள்ளே போகும் இரண்டு வாய்களின் ஓரத்திலும் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. குண்டுச் சங்கிலி வளைந்து போக இடமே இல்லாத ஒல்லி உடம்பு. விமானி திருப்பத்தில் இருக்கும்போது விசையை அழுத்தினால் கண்ணி மாட்டிக்கொள்ளும், பீரங்கி அடைத்துக்கொள்ளும். சேபரைக் குறிக்குள் பிடித்துவிட்டு, விசை வேலை செய்யாமல் திரும்பிய கதைகள் அந்தப் போரில் உண்டு. "மேல போறவன் என்னைத் திட்டிக்கிட்டே வருவான் தம்பி. ராத்திரி பூரா பிரிப்போம். காலையில நல்லாத்தான் இருக்கும். மேல போனதும் ஒண்ணு படுத்துக்கும்." தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒன்றைக் குறுக்கே திருப்பிக் காட்டினார். போஸ்ட்மாஸ்டர் சார் நோட்டில் எழுதினார்: விடை 2. வாரண்ட் சாருக்குச் சைபர்.

அந்தச் சைபரை இப்போது நினைத்தால் எனக்குக் கூசுகிறது. அடுத்து நான் செய்தது அதைவிட மோசம். 1989 என்று நினைவு. ஜெயிக்கும் வெறி தலைக்கேறியிருந்தது. பாகிஸ்தானில் பஸ்ரூர் என்ற பழைய ஓடுதளத்தில் 1965 செப்டம்பர் 3 அன்று நம் நாட் ஒன்று இறங்கியது. ஸ்குவாட்ரன் லீடர் சிக்கந்த் ஓட்டியது. கூட்டத்திலிருந்து பிரிந்து, வழி தவறி, நம் இடம் என்று நினைத்து இறங்கினார் என்பது ஒரு கதை. ஸ்டார்ஃபைட்டரைக் கண்டு பணிந்து இறங்கினார் என்பது எதிர்த் தரப்புக் கதை. சிக்கந்த் போர்க்கைதியாகிப் பிறகு திரும்பிவந்தார். விமானம் வரவில்லை, கராச்சியில் அவர்களுடைய விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நான் கேட்டது: அந்த விமானத்தின் எண் என்ன? இரண்டு ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாது என்ற நிச்சயத்தோடு கேட்டேன்.

"ஒன் ஸீரோ எய்ட் த்ரீ" என்றார் வாரண்ட் சார். ஆங்கிலத்தில், ஒவ்வொரு இலக்கமாக, ரேடியோவில் சொல்வது மாதிரி.

சரியான விடை. ஐ.இ. 1083. போஸ்ட்மாஸ்டர் சார் பழக்கதோஷத்தில் "சாட்சி?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வாரண்ட் சார் அப்போது பதான்கோட்டில் இருந்திருக்கிறார். "விமானம் திரும்பி வந்து நின்னதும் சக்கரத்துக்கு முன்னாடி பின்னாடி கட்டை வெப்போம் தம்பி, உருளாம இருக்க. ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தன் கட்டையோட நிப்பான். அன்னிக்கி எல்லாம் வந்துது. எல்லார் கட்டையும் சக்கரத்துக்கு அடியில போயிடுச்சு. என் கையில இருந்தது மட்டும் போகல. அப்படியே நின்னேன். எண்ணெய் தீர்ந்திருக்கும்னு கணக்குப் போட்டாச்சு, இனிமே வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். சார்ஜென்ட் வந்து 'கீழ வைடா'ன்னாரு. கீழ வெச்சா வராதுன்னு ஆயிடும்ல? அதனால வெக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "வெயிட்டு ரொம்ப இல்ல. ஆனா ரொம்ப நேரம் ஆச்சு."

கீழே தெருவில் யாரோ கோலி விளையாடும் சத்தம். பேங்க் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாரண்ட் சார்தான் அதை முடித்துவைத்தார்: "என்னா போஸ்ட்மாஸ்டரே, மார்க் போடுங்க. கரெக்ட்டா சொன்னேன்ல?"

அந்த மாதத்திலிருந்து 1965ஐ நான் தொடவில்லை. வாபிட்டி, வேம்பயர் மாதிரிப் பழைய விமானங்கள், முதல் உலகப்போரில் 13 நாளில் 10 வெற்றி பெற்று 19 வயதில் செத்த இந்திரலால் ராய், இப்படித் தூரத்துச் சாவுகளாகப் பார்த்துக் கேள்வி தயாரித்தேன். தூரத்தில் இருப்பவனுக்கும் கட்டையோடு ஒருவன் காத்திருந்திருப்பான்தான்; ஆனால் அவன் என் எதிரில் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கவில்லை.

தொண்ணூறுகளில் மடக்கு மெலிந்தது. பேங்க் சாருக்கு மாற்றலாகித் திருச்சி போனார், ரயில் கிடைக்கும் மாதம் வருவார். மாடல் அண்ணனுக்குக் கண் மங்கி, விமானங்கள் பெரிதாகிக்கொண்டே போயின. கடைசியாகச் செய்த கான்பெரா ஒரு ஆள் படுக்கும் நீளம். வாரண்ட் சாருக்குக் காது போய்விட்டது. ஜெட் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருபது வருஷம் நின்றவர்களுக்கு அது ஓய்வூதியத்தோடு சேர்ந்து வருவது. வலது காது முன்பே இல்லை, இடது காதும் அடங்கியது. கேள்விகளைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவோம். ஆனால் கண்ணை மூடும் சுற்றில் மட்டும் அவர் மோசம் போனார். நாங்கள் கண்ணை மூடுவதைப் பார்த்துத்தான் ஏதோ மேலே போகிறது என்று அவருக்குத் தெரியும். அவரும் மூடிக்கொள்வார். சீட்டில் ஒன்றும் எழுதமாட்டார்.

1997 மார்கழியில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் ஐந்து பேரும் இருந்த அபூர்வமான நாள். வாரண்ட் சார் கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். திடீரென்று திரும்பினார், முகமெல்லாம் வெளிச்சம். எங்களைக் கண்ணை மூடச்சொல்லிச் சைகை காட்டினார். மூடினோம். ஒன்றும் கேட்கவில்லை. "டம்ளரைப் பாருங்கய்யா" என்றார். திறந்து பார்த்தேன். எவர்சில்வர் டம்ளரில் டீ வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது. "சுவத்துல வருது. சேட்டக்! தாழப் போறான்."

வானம் சுத்தமாகக் காலி. கீழே, எங்கள் தெருவுக்குள் நுழைய முடியாமல், ஒரு தண்ணி லாரி பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது. பேங்க் சார் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக வந்து உட்கார்ந்தார். மாடல் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வாரண்ட் சார் உள்ளங்கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் மேற்கே, தளம் இருக்கும் பக்கம், எதையோ கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தார்.

போஸ்ட்மாஸ்டர் சார் நோட்டைத் திறந்தார். தேதி போட்டார். விடை: சேட்டக். ஆதாரம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு தன் பெயரின் முதலெழுத்தை எழுதினார், நோட்டை என் பக்கம் தள்ளினார். அதன் கீழே நான் என்னுடையதை எழுதினேன்.